ஒரு தடவை கட்டியது

2008இல் தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தபோது சேலை வந்தது.

கூரியர்க்காரர் மழைக்கோட்டோடு வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஆதிலட்சுமி கதவைச் சாத்திவிட்டு, பார்சலைக் கூடத்துத் தரையில் வைத்து ஓரத்தை வெட்டினாள். பழைய பட்டில் பாச்சை உருண்டை வாசனை வரும். இல்லாவிட்டால் பீரோவின் இரும்பு வாசனை வரும். இதில் பன்னீர் வாசனை வந்தது, நேற்றுத் தெளித்ததுபோல. மூக்கை அருகில் கொண்டுபோனபோது அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மாலைகளை அள்ளிப் போட மறந்துபோன அறையின் வாசனை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சேலை படத்தில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. கத்திரிப்பூ நிறம், கையகல ஜரிகை. தூக்கினால் கனத்தது. இப்போது கடைகளில் இந்தக் கனம் கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடிக்கரையைப் பார்த்தாள். கட்டி நடந்த சேலையில் அடிக்கரை கறுத்திருக்கும், குதிகால் பட்ட இடத்தில் இழை தேய்ந்திருக்கும். இதில் ஒன்றுமில்லை. ஒரு தடவை கட்டியது என்று விற்றவர் எழுதியிருந்தது பொய்யில்லை. அந்த ஒரு தடவையும் கட்டியவள் ஓரடிகூட நடக்கவில்லை போலிருந்தது.

சேலை அவளுக்கில்லை. நிர்மலாதேவிக்கு.

நிர்மலாதேவி கோபிநாத்தின் முதல் மனைவி. துர்காவைப் பெற்ற சில மாதத்தில் காய்ச்சலில் போனாள். மறுவருஷம் கோபிநாத் ஆதிலட்சுமியைக் கட்டிக்கொண்டான். பூவும் பொட்டுமாகப் போனவளுக்கு வருஷம் தவறாமல் கோடிச்சேலை வைத்துக் கூப்பிட்டுச் சோறு போடுவது அவர்கள் வழக்கம். தீபாவளிக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது இலை போட்டு, முறத்தில் சேலையை வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும். உள்ளே அவள் வந்து சாப்பிட்டு, சேலையைப் பார்த்துவிட்டுப் போவாள். பிறகு கை தட்டிவிட்டுக் கதவைத் திறப்பார்கள். சேலை ஒரு கூடைக்குள் போய்ப் பரணில் ஏறிவிடும். உயிரோடிருக்கிற யாரும் அதைக் கட்டக்கூடாது.

பரணில் இப்படிப் பட்டுகள் சேர்ந்திருந்தன. கீழே ஆதிலட்சுமியின் கொடியில் தள்ளுபடியில் எடுத்த சிந்தெடிக் சேலைகள் காய்ந்தன.

"நல்லதா எடு," என்று கோபிநாத் இந்த முறை பணத்தை அவள் கையிலேயே கொடுத்திருந்தான். "அவளுக்கு மட்டமானது புடிக்காது."

"எனக்கு?"

"நீயும் ஏதாவது பாத்துக்க. ஆனா அது கோடியா இருக்கணும் லட்சுமி. கடையில மடிச்சது மடிச்ச மாதிரி. ஒருத்தி ஒடம்புல பட்ட துணிய வச்சுக் கூப்புட்டா, துணிக்காரிதான் வந்து குந்துவா. எங்கம்மா சொல்லும்."

"உங்கம்மா செத்தவங்களுக்கு வக்கீலா?"

அவன் சிரிக்கவில்லை. நிர்மலாதேவி விஷயத்தில் அவன் சிரிப்பதில்லை.

அவள் வேலை பார்த்தது ரெட்டியார்பாளையத்தில், கணினியில் தகவல் ஏற்றும் ஒரு சிறிய ஆபீசில். சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் பழைய சேலை விற்கும் பக்கங்களைப் பார்ப்பது சில மாதங்களாக அவளுக்குப் பழக்கம். வாங்கியதில்லை. நெசவைப் பார்ப்பாள், முந்தானையைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். பக்கத்து நாற்காலி அக்தர் பேகத்துக்கு அது வேடிக்கை.

"என்னாடி, பழந்துணிக்குப் பாத்திரம் குடுக்குறவங்ககூட இவ்வளவு பொரட்ட மாட்டாங்க."

"தரத்தப் பாருக்கா. இந்த மாதிரி ஜரிகை இப்ப எங்க கெடைக்குது?"

"யாருக்கு?"

"மூத்தவளுக்கு."

அக்தர் பேகம் டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தாள். "எங்கள்ல அஞ்சு துண்டு வெள்ளத்துணி, அதோட முடிஞ்சிது. உங்க ஊட்டுல போனவதான் வருசா வருசம் பட்டு கட்டறா. நீயும் போய்ச் சேர்ந்தாத்தான் உனக்குப் பட்டு போல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆதிலட்சுமி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையைச் சிமெண்டுத் தரையில் விரித்துப் படமெடுத்திருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு அன்று காலை ஒரு வரியில் பதில் வந்திருந்தது. கட்ட ஆளில்லை.

செத்தவளுக்குப் புதுசென்றும் பழசென்றும் தெரியவா போகிறது? அவள் வாங்கும் பொத்தானை அழுத்தினாள்.

மிச்சப் பணத்தில் நேரு வீதிக்குப் போய்த் தனக்கு ஒரு பச்சைப் பட்டு எடுத்தாள். முதல் புதுப்பட்டு. கடைக்காரர் கொடுத்த அட்டைப்பெட்டியிலிருந்து அதை எடுத்துத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் வைப்பதற்காக மற்றதை இஸ்திரி போட்டாள். மடிப்பைப் பிரித்தபோது பச்சரிசி உதிர்ந்தது. கல்யாணச் சேலை, அட்சதை என்று நினைத்தாள். பெருக்கித் தள்ளும்போதுதான் அட்சதையில் மஞ்சள் இருக்கும் என்று தோன்றியது. இந்த அரிசி வெள்ளையாக இருந்தது. முன்பக்கம் முழுக்க ரோஜா இதழ்களின் மங்கிய கறை. பின்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கறை தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பி மடித்தாள். புதுத்துணிக்கு வைப்பதுபோல நான்கு முனையிலும் மஞ்சள் தடவினாள்.

கோபிநாத் பெட்டியைத் திறந்து பார்த்தான். விரல் நுனியால் ஜரிகையைத் தொட்டான்.

"கோடிதான?"

"பின்ன?"

அவன் கண் கலங்கியது. அவளுக்கு வயிறு எரிந்தது.

துர்காவுக்கு அப்போது ஐந்து வயது. நடை பழக்கியது ஆதிலட்சுமி. மலம் அள்ளியது, ராத்திரி இருமினால் நெஞ்சில் தைலம் தடவியது, பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றது எல்லாம் அவள்தான். பரணில் இருந்த பட்டுகளைக்கூட அவள் மன்னித்திருப்பாள். குழந்தை அவளை ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டிருந்தால் போதும். சாக்லேட் கொடுத்துக் கேட்டுப் பார்த்தாள். மடியில் படுக்க வைத்துக் கொஞ்சிக் கேட்டுப் பார்த்தாள். துர்கா கூடத்துச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டுவாள். "அம்மா அங்க இருக்காங்க சித்தி."

படையல் அன்று மழை விட்டிருந்தது. இலையில் சோறு, கறிக்குழம்பு, வடை, அதிரசம். விளக்குக்கு அடியில் ஒரு தட்டில் பச்சரிசி. முறத்தில் சேலை. கோபிநாத் கற்பூரம் ஏற்றி, "நிர்மலா, வா, வந்து சாப்புடு. புள்ளயப் பாத்துட்டுப் போ," என்றான். மூவரும் வெளியே வந்தார்கள். அவன் கதவைச் சாத்தினான்.

உழவர்கரையில் அவர்கள் இருந்த காலனி முழுக்க அந்த நேரத்தில் வெடிச்சத்தமாக இருந்தது. ஒரு சரம் முடிந்து அடுத்த சரம் பற்றுவதற்குள் கிடைத்த இடைவெளியில் ஆதிலட்சுமிக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு ஒலி கேட்டது. கனத்த பட்டு சிமெண்டுத் தரையில் இழுபடுகிற ஒலி. சர்ர். அதன் முடிவில் தட் என்று ஒன்று. இரண்டு குதிகாலையும் ஒருசேரத் தூக்கி வைத்ததுபோல. மறுபடி சர்ர். தட்.

கோபிநாத் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். துர்கா கதவின் மேல் காதை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கை தட்டிவிட்டுத் திறந்தார்கள். இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. குழம்பில் ஆடை கட்டியிருந்தது. விளக்குக்கு அடியில் தட்டு காலியாக இருந்தது. பச்சரிசி தரையில் ஒரு கோடாகச் சிந்திப் படுக்கையறைப் பக்கம் போயிருந்தது.

"எலி," என்றான் கோபிநாத்.

அவள் துடைப்பத்தை எடுத்து அரிசியைக் கூட்டினாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சேலையைக் கூடையில் வைத்து அவனே பரணில் ஏற்றினான்.

தீபாவளி அன்று சாப்பிட்டதும் கோபிநாத் தவளக்குப்பத்துக்குக் கிளம்பினான். நிர்மலாதேவியின் அப்பா அம்மா அங்கே இருந்தார்கள். வருஷா வருஷம் பலகாரம் கொண்டுபோவான். துர்காவுக்கு வெடிப்புகையில் இருமல் கண்டிருந்ததால் அவளை விட்டுவிட்டுப் போனான்.

"எங்க அம்மா ஊட்டுக்குப் போய் எத்தன தீபாவளி ஆச்சு தெரியுமா?" என்று ஆதிலட்சுமி வாசலில் நின்று கேட்டாள்.

"அவங்களுக்கு யாரு இருக்கா லட்சுமி?"

வண்டி தெருமுனை திரும்பியது. அவள் உள்ளே போய் வேலைகளை முடித்துவிட்டு, பொழுது சாயும்போது ஒளித்து வைத்திருந்த பச்சைப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பார்க்க ஆளில்லை. கண்ணாடியில் கொசுவத்தைச் சரிசெய்யும்போது, அவள் அசையாமல் நின்ற நேரத்திலும் பட்டு உரசும் ஒலி கேட்டது.

அவள் கையை எடுத்தாள். ஒலி நிற்கவில்லை. கூடத்திலிருந்து வந்தது. அல்லது சமையலறையிலிருந்து. சர்ர் என்று வெகுநேரம் இழுபட்டு, ஒரு தட். பிறகு இளைப்பாறுவதுபோல மௌனம். போய்ப் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை. வெளியே வானம் கறுத்திருந்தது, மழை பிடித்துக்கொண்டது, ஈர மண்ணும் வெடிமருந்துமாக ஜன்னல் வழியே அடித்த வாசனைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பன்னீர் கலந்து, அதன் அடியிலிருந்து அந்த இன்னொரு வாசனை எழுந்து, கடைசியில் அது மட்டும் கூடத்தில் நின்றது.

படுக்கையறையில் துர்கா பேசிக்கொண்டிருந்தாள். பேசிவிட்டு நிறுத்துவாள். கேட்பாள். மறுபடி பேசுவாள்.

"யாருகிட்டடி பேசிக்கினு இருக்க?"

"அம்மாகிட்ட."

ஆதிலட்சுமிக்கு முதலில் பயம் வரவில்லை. கசப்புதான் வந்தது. செத்தும் விடமாட்டாளா என்றிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போட்டோவுல இருக்காங்களே, அவங்களா?"

துர்கா இல்லையென்று தலையாட்டினாள். "அவங்க வரல. இவங்க வேற. குண்டா இருப்பாங்க. முடியெல்லாம் வெள்ள."

மழை தகரத்தில் அடித்தது.

"அப்பறம் ஏன் அம்மாங்குற?"

"அம்மான்னு கூப்புடுன்னாங்க. கூப்புட்டேன்."

ஆதிலட்சுமி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை. எதையோ நன்றாகப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற முகம்.

"உன்கூடப் பேசுனாங்களா?"

"மெதுவாத்தான் பேசுவாங்க. வாயக் கட்டியிருக்கு." துர்கா தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைவரை கையைச் சுற்றிக் காட்டினாள். "மூக்குல பஞ்சு வேற வச்சிருக்காங்க. சளி புடிச்சிருக்கா சித்தி?"

ஆதிலட்சுமி குழந்தையின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பாவம். நடக்கவும் முடியல. கால் கட்டவெரல் ரெண்டயும் சேத்துக் கட்டிப்புட்டாங்களாம். அதான் குதிச்சுக் குதிச்சு வராங்க."

சேலையில் சிந்தியிருந்தது என்ன அரிசி என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொருவராக வந்து வாயில் போட்ட அரிசி. முன்பக்கம் மட்டும் இதழ்க்கறை பட்டது ஏன் என்று தெரிந்தது. மேலே கொட்டிய பூ. ஒரு தடவை கட்டியவள் ஏன் நடக்கவில்லை என்று தெரிந்தது. சுடுகாட்டில் யாரோ உருவிய சேலை அது. கோபிநாத் கூப்பிட்டது நிர்மலாதேவியை. துணிக்காரி வந்திருக்கிறாள்.

துர்காவைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை திமிறியது. கூடத்துக்குக் கொண்டுவந்து டிவியைப் போட்டு முன்னால் உட்கார வைத்தாள்.

"எந்திரிக்கக் கூடாது. அந்தச் சேலயத் தூக்கி வெளிய எறிஞ்சிட்டு வந்துடறேன். அப்பறம் நாம அக்தர் ஆன்ட்டி ஊட்டுக்குப் போவலாம்."

"அவங்களுக்கு அத விட்டா வேற துணி இல்ல சித்தி."

டிவிக்கு முதுகைக் காட்டி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரணில் தூசி. பழைய கூடைகள் வரிசையாக. புதுக் கூடையை இழுத்து மூடியைத் திறந்தாள்.

காலியாக இருந்தது.

அடியில் பச்சரிசி கொஞ்சம். ஒரு வாடிய இதழ்.

அப்போது இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. அவள் ஸ்டூலிலிருந்து விழப்பார்த்தாள்.

"சாப்டியா?" என்றான் கோபிநாத். பின்னால் பேச்சுக்குரல்கள், பாத்திரச் சத்தம். "இங்க நல்ல மழ. இவங்க விடமாட்டேங்குறாங்க. காலையில வரேனே."

"இப்பவே வாங்க."

"ஏன், என்னா ஆச்சு? புள்ளைக்குக் காய்ச்சலா?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். கோடி இல்லைங்க, பழசு வாங்கினேன். உங்க நிர்மலாவுக்கு வேறு எவளோ கட்டியதை வைத்தேன். மிச்சத்தில் எனக்கு எடுத்துக்கொண்டேன். அவள் தன் பச்சைப் பட்டைக் குனிந்து பார்த்தாள். அவன் அதன் பிறகு தன்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தாள்.

"ஒன்னுமில்ல. கரண்ட் போய்டும் போல. அதான்."

"மெழுகுவத்தி அலமாரில இருக்கு பாரு," என்று வைத்துவிட்டான்.

வைத்ததும் கரண்ட் போனது.

டிவி அணைந்த மௌனத்தில் சர்ர் கேட்கும் என்று காத்திருந்தாள். தட் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. வேறொன்று கேட்டது. காலடி. ஒன்றன்பின் ஒன்றாக. நிதானமாக. வெறுங்கால் வைத்து வீட்டைச் சுற்றிப் பார்க்கிற ஒரு பெண்ணின் காலடி. சமையலறையில். கூடத்தில். ஸ்டூலுக்கு மிக அருகில் ஒருகணம் நின்றது. குளிர்ந்த பட்டு அவள் கணுக்காலில் பட்டு நகர்ந்தது.

அவள் பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

காலடி படுக்கையறைக்குப் போனது.

"துர்கா," என்றாள்.

செல்போன் வெளிச்சத்தில் டிவிக்கு முன்னால் பாய் மட்டும் தெரிந்தது.

ஸ்டூல் சாய்ந்தது. முழங்கால் தரையில் இடித்தது. எழுந்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். மேல் தாழ்ப்பாள். துர்காவுக்கு எட்டாத தாழ்ப்பாள்.

"துர்கா! கண்ணு! கதவத் தொற!"

"சித்தி," என்று உள்ளேயிருந்து குழந்தையின் குரல் வந்தது. பயமில்லாத குரல். "கால் கட்ட நான் அவுத்து உட்டுட்டேன். பல்லால கடிச்சேன். இப்ப நல்லா நடக்குறாங்க."

கதவை ஓங்கி அறைந்தாள். தோளால் மோதினாள். வெளியே மழை விட்டிருந்தது, மறுபடி வெடிச்சத்தம். யாருக்குக் கேட்கும்?

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. அவங்க உன் அம்மா இல்ல. யாரோ. நம்மளுக்குத் தெரியாதவங்க. நான்தான் உன்ன வளத்தேன். நான்தான். கதவத் தொறக்கச் சொல்லு. நான் வேணும்னா இந்தப் புதுச்சேலயக் குடுத்துடறேன். எல்லாத்தயும் குடுத்துடறேன்."

கட்டில் கிறீச்சிட்டது. கனமான ஒரு உடம்பு உட்கார்ந்ததுபோல. பிறகு சீராக, மெதுவாக, குழந்தையின் முதுகில் தட்டித் தூங்க வைக்கிற ஒலி.

அவள் தரையில் விழுந்து கதவுக்கு அடியில் கன்னத்தை வைத்தாள். தெருவில் ஒரு மத்தாப்பு எரிந்தது. ஜன்னல் வழியே அறைக்குள் வெளிச்சம் வந்தது. கத்திரிப்பூ நிறத்தில் சேலையின் அடிக்கரை தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு பாதங்கள். வெளுத்து, ஊதி. பெருவிரல்களில் கயிறு அழுந்திய தடம். அவற்றின் மேல் ஏறி நின்றுகொண்டு துர்காவின் சிறிய பாதங்கள்.

மத்தாப்பு அணைந்தது.

ஆதிலட்சுமி அழுதாள். உள்ளே தட்டுகிற ஒலி நின்றது. துர்காவின் குரல் கேட்டது. அது கதவைப் பார்த்துப் பேசிய குரல் இல்லை. மேலே, உயரமான ஒரு முகத்தைப் பார்த்துப் பேசிய குரல்.

"அம்மா, வெளிய சித்தி அழுவுறாங்க. தொறந்து உடலாமா?"